தள்ளப்பட்ட கோப்பை

"கோப்பை உப்புக் குப்பியைத் தள்ளுச்சு. செஞ்சு காட்டு" என்றாள் ஜுரேமா.

ஒஸ்மார் இடது கையால் கோப்பையை நகர்த்திக் குப்பியை இடித்தான். வலது கை மடியில் கிடந்தது.

"இப்போ இதைக் கேளு. கோப்பை குப்பியால் தள்ளப்பட்டது."

அவன் யோசித்தான். பிறகு மறுபடியும் கோப்பையை எடுத்துக் குப்பியை இடித்துவிட்டு, பாராட்டுக்குக் காத்திருப்பவன் போல அவளைப் பார்த்தான்.

ஜுரேமாவின் நெஞ்சு குதித்தது. வகுப்பில் படித்தது அப்படியே மேசைமேல் நடந்திருந்தது. இப்படிப்பட்ட வாக்கியங்களில் பின்னால் இருக்க வேண்டிய சொல் முன்னால் வந்து உட்காரும்போது, கிளம்பிய இடத்தில் ஒரு தடம் விட்டு வருகிறது. மூளையில் பேச்சுக்கான இடத்தில் அடிபட்டவர்களுக்கு அந்தத் தடம் பிடிபடுவதில்லை என்பது ஆய்வாளர்களில் ஒரு சாராரின் வாதம். பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று, நோட்டில் தேதி போட்டு எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் தன் முகத்தில் சிரிப்பு இருப்பது தெரிந்தது.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருஷம் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, ரெசிஃபி நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியியல் முதுகலைக்குச் சேர்ந்தவள். கணவன் ஒஸ்மார் பஸ் ஓட்டினான். அவள் வாக்கியங்களைக் கிளை கிளையாகப் பிரித்து மரம் வரைவதைப் பார்த்து, "வேரை மேல வச்சு வரையுறியே, இதுல மாங்கா எந்தப் பக்கம் தொங்கும்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்த மனிதன். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து பஸ் நிலையத்தில் சுருண்டு விழுந்தான். இப்போது சொற்கள் வருகின்றன, தனித்தனியாக. "பஸ். நாளை. நான்." அவற்றைச் சேர்க்கும் சின்னச் சின்னச் சொற்கள் வருவதில்லை.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஹெலோயிசா நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "இதுதாம்மா உன் ஆய்வு. ஆனா அவர் சம்மதிக்கணும். படிவத்தைப் படிச்சுக் காட்டு, அவருக்குப் புரியணும். புரியலைன்னா வேண்டாம்" என்றார்.

படிவம் மூன்று பக்கம். 'பங்கேற்பாளரின் பேச்சு ஆய்வாளரால் பதிவு செய்யப்படும். பிழைகள் வகைப்படுத்தப்பட்டு வெளியிடப்படும்.' முதல் வரியிலேயே ஜுரேமாவுக்குப் புரிந்துவிட்டது. அவனால் எந்த வாக்கியங்களைப் பிடிக்க முடியவில்லையோ, அதே வாக்கியங்களால்தான் அந்தப் படிவம் கட்டப்பட்டிருந்தது. இருந்தும் நிறுத்தாமல் வாசித்தாள். ஒஸ்மார் தலையாட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் இடது கையால், கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். அவள் நீட்டினாள், அவன் போட்டான். அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் நோட்டில் அறுபது வாக்கியங்கள் சேர்ந்தன. திங்கட்கிழமை வகுப்புக் கருத்தரங்கில் படிக்க வேண்டும். அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, சோள மாவுக் குஸ்குஸும் காபியும் ஆன பிறகு, அவள் வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

"கோப்பை குப்பியால் தள்ளப்பட்டது."

ஒஸ்மார் குப்பியை எடுத்தான். நிதானமாக, கோப்பையை இடித்தான்.

சரியான விடை. இத்தனை மாதமாக அவள் வேண்டிக்கொண்டிருந்ததன் ஒரு துளி. ஆனால் அவளுக்குள் ஏதோ சப்பென்று இறங்கியது.

"இன்னொரு தடவை" என்றாள். மறுபடியும் சரி. "தட்டு கரண்டியால் தள்ளப்பட்டது." சரி. அவன் சிரிக்கத் தொடங்கியிருந்தான். அவள் வாக்கியத்தை நீட்டினாள், வேகமாகச் சொன்னாள். ஏழாவதில் அவன் தடுமாறித் தவறான பொருளை எடுத்தான். அவள் பேனாவை எடுத்தாள்.

வாசலில் ஒஸ்மாரின் தங்கை நில்டா, ரொட்டிப் பையோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

"அண்ணன் தப்புப் பண்ற வரைக்கும் விட மாட்டீங்களா, அண்ணி?"

குரலில் கோபம்கூட இல்லை. பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒஸ்மார் கதவைப் பார்த்தான், பிறகு பேனாவை, பிறகு அவளை.

ஜுரேமா படிவத்தை எடுத்து வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். மேசைமேல் இருந்ததையெல்லாம் ஓரமாக ஒதுக்கினாள். எந்தச் சொல்லையும் முன்னால் இழுக்காமல், செய்பவரை முதலில் வைத்துப் பேசினாள்.

"ஒஸ்மார். நீ தப்பு பண்ணுன. நான் அதை எழுதுனேன். நான் அதை வகுப்புல காட்டப் போறேன். மத்தவங்க அதைப் படிப்பாங்க."

வெளியே மாம்பழ வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். ஒஸ்மாரின் வாய் ஒரு சொல்லைத் தேடி அலைந்தது.

"அவங்க. சிரிப்பு?"

"சிரிக்க மாட்டாங்க."

"நீ." நிறுத்தினான். "நீ... சிரிப்பு. அன்னிக்கு. தொட்டி."

அவள் முதுகு காட்டி நின்றதாகத்தான் நினைத்திருந்தாள். தொட்டிக்கு மேலே கண்ணாடிச் சன்னல்; அதில் அவள் முகம் தெரிந்திருக்கும்.

"ஆமா" என்றாள். "நான் சிரிச்சேன்."

அவன் படிவத்தை இழுத்துத் தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பி, விரலால் முதல் வரியைத் தட்டினான்.

"படி."

அவள் ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்து, நேராக்கிப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் அவன் இடது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். யோசித்தான். பிறகு, சரி என்பது போல, கையை இறக்கினான். அவள் அடுத்ததற்குப் போனாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில், "நீ எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லலாம்" என்று அவள் படித்தபோது கை உயர்ந்தது. அவள் காத்திருந்தாள். ரொட்டியின் சூடு பையின் காகிதத்தில் ஈரமாகப் பரவிக்கொண்டிருந்தது. கை இன்னும் இறங்கவில்லை.