பத்து வாரப் பூச்சிக் கணக்கு

கீழ் கோத்தகிரிப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இருபத்திரண்டு வருடமாக எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதில்லை. ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காலிக் கட்டம்தான் முதலில் கண்ணில் படும்.

இந்த வருட அறிவியல் கண்காட்சிக்கு, தூத்துக்குடியில் டீச்சராக இருக்கும் என் தோழி கெஸியாவும் நானும் சேர்ந்து ஓர் அட்டவணை போட்டோம். கடலில் அருகி வரும் கொம்புத் திருக்கை அவள் பக்கம். மலையில் குறைந்து வரும், வால் நீண்ட பச்சை அந்துப்பூச்சி என் பக்கம். பத்து வாரம் எண்ணி, பழைய எண்ணிக்கையோடு வைத்து, எது அதிகம் குறைந்திருக்கிறது என்று ஒப்பிட வேண்டும்.

அவள் மீன் ஏலம் விடும் இடத்தில் நின்று எண்ணினாள். எனக்காக எண்ணியவர் எஸ்டேட் ஃபேக்டரி வாட்ச்மேன் பொன்னுத்துரை. தினமும் இருட்டத் தொடங்கியதும் கேட் விளக்கடியில் ஒரு மணி நேரம் நின்று பார்ப்பார். சனிக்கிழமை போன் வரும்.

"இந்த வாரமும் ஒண்ணும் வரலீங்க டீச்சர்."

பத்து வாரமும் அதே பதில்தான். என் பக்கம் வரிசையாகப் பூஜ்யம். வேலையே செய்யவில்லை என்று நினைப்பார்களே! என் கை சும்மா இருக்கவில்லை. நான்கு, ஆறு, மூன்று என்று நிரப்பினேன். கெஸியாவுக்கும் பூஜ்யங்கள்தான்; அவள் அவற்றை அப்படியே அனுப்பியிருந்தாள். பிழைக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

குன்னூரில் நடந்த கண்காட்சிக்குப் பொன்னுத்துரை லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். அட்டவணையில் விரல் வைத்துப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"வேற யாரோ பாத்திருக்காங்களாட்ட இருக்குது. எங்கண்ணுக்கு ஒண்ணுகூடத் தெரியலீங்களே. மன்னிச்சுக்குங்க டீச்சர். மேனேஜர்கிட்டச் சொல்லிப்போடறேன். கண்ணு தெரியாதவன் வாட்ச்மேன் வேலை பாக்கறது தப்புங்க."

சொன்ன கையோடு போனையும் எடுத்துவிட்டார்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. நான்தான் பொய்யா எழுதிட்டேன்" என்றேன். பக்கத்து ஸ்டாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். கெஸியாவின் திருக்கைப் படத்தையும் அதன் கீழே இருந்த பூஜ்யங்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"இந்த மீன் கணக்காச்சும் நெசமுங்களா டீச்சர்?"