தொலைநோக்கிக்கு விட்ட எண்ணெய்

கிட்டே வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்டே. கதவோரம் நிற்கிறவர்களுக்கும் இடம் விடுங்கள். நல்லது செய்யப் போய் நாக்கைப் பூட்டிக்கொண்ட ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

ஒரு மாடி வீட்டில் தம்பியோடும் தம்பி மனைவியோடும் ஒரு தையல்காரி இருந்தாள். ஊருக்கே அவள் ஊசியக்கா. எந்த யந்திரம் முனகினாலும் அவளுக்குப் பொறுக்காது. கதவுக் கீலோ, மின்விசிறியோ, பக்கத்து வீட்டு சைக்கிளோ, கிறீச் என்றால் போதும், மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியோடு போய் நிற்பாள். "பச்சப் புள்ள அழுதா பாத்துட்டு நிப்பீங்களா?" என்பாள்.

தம்பிக்கோ வானத்துப் பைத்தியம். முழங்கை நீளத்தில் ஒரு சின்னத் தொலைநோக்கி வைத்திருந்தான். அதன் பின்னால் ஒரு குழாய், குழாயின் முனையில் கேமரா, பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார். படம் தெளியும்வரை அந்தக் குழாயை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவதுதான் மோட்டாரின் வேலை. ஆட்டோஃபோகஸ் என்பான்.

அந்த மாதம் மேற்கே ஒரு வால் நட்சத்திரம் வந்திருந்தது. பொழுது சாய்ந்ததும் தெரியும். நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே போகும். இனி தம்பியின் ஆயுளில் அது திரும்பாது. அதைப் படம் எடுக்க அவன் காத்திருந்தபோதுதான் மனைவியின் அண்ணன், வேன் ஓட்டுகிறவர், தன் தெருக்காரர்களுக்கு நிலாவைக் காட்டவென்று தொலைநோக்கியை இரவல் வாங்கிப்போனார். சொன்னபடி போர்வை சுற்றித் திருப்பிக் கொடுத்தும்விட்டார்.

மறுநாள் தொலைநோக்கியைத் தூசி தட்டிய ஊசியக்கா குழாயின் பக்கத்தில் இருந்த திருகைத் திருப்பிப் பார்த்தாள். கிறீச். ஐயோ பாவம் என்று குழாயின் அடியில் இரண்டு சொட்டு விட்டாள். சத்தம் நின்றது. இதையெல்லாம் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

சாயங்காலம் மொட்டை மாடியில் பார்த்தால், லேப்டாப்பில் நட்சத்திரமெல்லாம் வளையல் வளையலாக வீங்கிக் கிடந்தது. தம்பி, தொலைநோக்கியின் கண்ணாடியில் பனி படர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். ஒயரைப் பிடுங்கிச் செருகினான். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டான். வளையல் வளையலாகவே இருந்தது.

"மோட்டார் சுத்துது, நம்பர் ஏறுது, படம் மட்டும் மாறவே மாட்டேங்குதே!"

அக்கா குனிந்து பார்த்தாள். மோட்டார் சுற்றியது. குழாய் நின்ற இடத்திலேயே நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. பெல்ட்டில் எண்ணெய் பட்டால் மிதி ஆடும், ஊசி அசையாது. தையல் மிஷினில் கை வைத்த முதல் மாதமே கற்ற பாடம். வாயைத் திறந்தாள். அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"உங்கண்ணன்தான். வேன்ல போட்டு உருட்டியிருக்காரு."

"பாத்தீங்களா நீங்க?" என்றாள் மனைவி.

"பாக்க வேற செய்யணுமா? ஓட்டுற லட்சணந்தான் தெரியுமே!"

அங்கேயே ஃபோனைப் போட்டுச் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அக்கா நின்றாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தாள். நாளை வந்தது. தம்பி முகத்தைப் பார்த்தாள். நாளைக்குச் சொல்லலாம்.

வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு நின்றது. ஊசியக்கா ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்தாள், பிரித்தாள், மறுபடியும் மாற்றியே தைத்தாள். அலமாரியில் இருந்த எண்ணெய்க் குப்பி அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. துணி போட்டு மூடினாள். வால் நட்சத்திரம் எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியருகே இறங்கிவிட்டது.

ஒரு மாலை வேன்காரர் வந்தார். எப்போதும் படியேறும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அவர் தங்கை டீ கொண்டுவந்தாள்.

"வேணாம்மா. மாப்ள, அந்தப் பொட்டியக் குடுங்க, ரிப்பேருக்குக் கொண்டுபோறேன். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். பாலத்துக்கிட்ட ஒரு பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சு. அப்பதான் அடிபட்டிருக்கும். எம்மேலதான் தப்பு."

செய்யாத தப்பை அவர் தேடிப்பிடித்துத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்! அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் எண்ணெ விட்டேன்."

யாருக்கும் புரியவில்லை. குப்பியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "கிறீச்சுன்னுச்சு. விட்டேன். அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

தம்பி தொலைநோக்கிப் பெட்டியைத் திறந்து குழாயின் அடியில் விரலை வைத்துத் தேய்த்தான். விரல் பளபளத்தது. "அக்கா... இதுல பல்சக்கரமே கிடையாதே. ஒரு கம்பி குழாய அழுத்திப் பிடிச்சு, அந்தப் பிடியிலதான் நகத்துது."

"அப்படின்னா பிரேக்குல எண்ணெ விட்ட கதை!" என்றார் வேன்காரர். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "தாயே, என் வண்டிப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க."

தம்பி சிரிக்கவில்லை. குனிந்தபடியே, "மச்சான், ஃபோன்ல நான் பேசினது..." என்றான்.

"விடுங்க மாப்ள. துடைக்க எதாவது எடுங்க."

ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு வெட்டுத்துணியால் அக்கா துடைத்தாள். துணியில் கறை வராமல் போன பிறகும் துடைத்தாள். தம்பி கம்பியை அழுத்தும் திருகைக் கொஞ்சம் முடுக்கினான். மாடியில் வைத்ததும் குழாய் நகர்ந்தது. வளையல்கள் சுருங்கிச் சுருங்கி ஊசிமுனைப் புள்ளிகளாயின. ஆனால் வால் நட்சத்திரம் தொட்டிக்குப் பின்னால் போயிருந்தது. விளிம்புக்கு மேல் நரைமுடி போல வாலின் நுனி மட்டும். அதை எடுத்தான்.

"அன்னிக்கே நான் சொல்லியிருந்தா முழுசா கிடைச்சிருக்கும்," என்றாள் அக்கா. தங்கை ஆறிப்போன டீயை எடுத்துப்போய்ச் சூடாக்கி வந்தாள். வேன்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். முதல் டம்ளரை அக்காவிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

போய்வாருங்கள் கண்ணுங்களா. உங்கள் வீட்டில் ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் சுமக்காமல் இருக்கட்டும். சொல்ல வேண்டிய சொல் விடிவதற்குள் வாயைவிட்டு வரட்டும். உங்கள் வாசலுக்கு வந்த உறவு செருப்போடு நின்று திரும்பாமல், உள்ளே வந்து உட்கார்ந்து சூடாக ஒரு வாய் குடித்துப் போகட்டும்.