பின்பக்கம் இல்லாத கால்சட்டை

அபிராமபுரத்தில் அந்த வருஷம் இரண்டே பேச்சுத்தான். ஒன்று, சுதந்திரம் எப்போது வரும். மற்றது, சுயம்புலிங்கத்தின் வேட்டி அடுத்து எப்போது கிழியும். ஜனங்களுக்கு இரண்டாவதில்தான் அக்கறை அதிகம்.

சுயம்புலிங்கம் பனகல் பார்க் பக்கத்தில் வேட்டிக் கடை வைத்திருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து இருபது வருஷம். உலகச் சண்டை முடிந்து ராணுவம் பழைய மோட்டார் சைக்கிள்களை ஏலம் விட்டபோது, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அது கிளம்பினால் லஸ் முனை வரைக்கும் காக்கை பறக்கும். கிளம்பாவிட்டால் தெருவே சேர்ந்து தள்ளும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதன் சங்கிலிக்கு வேட்டி என்றால் உயிர். முதல் மாதத்தில் ஒன்றைத் தின்றது. இரண்டாவதைத் தெற்கு மாட வீதியில், பட்டப்பகலில், முழுசாக உருவிக்கொண்டது. அன்று அவர் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஜட்காவில் வந்து இறங்கிய அழகை எதிர்வீட்டுக் கோமளம் மாமி விருந்தாளிகளுக்குக் காப்பியோடு சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அவர் மனைவி தங்கபுஷ்பம் சத்தம் போடவில்லை. மூன்றாவது தடவை வேட்டி மாட்டினால் வண்டி என் தம்பிக்கு என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். தம்பி அய்யாதுரை திருவல்லிக்கேணியில் அறை எடுத்துத் தங்கியிருந்த குமாஸ்தா. ஞாயிறு தவறாமல் துடைக்கிற துணியோடு வந்து வண்டியைத் துடைப்பான். அத்தான் வண்டியை மைத்துனன் துடைக்கிற துடைப்பு அல்ல அது. சொந்தக்காரன் துடைக்கிற துடைப்பு.

கால்சட்டை போட்டுத் தொலைத்தால் தீர்ந்தது என்று நாலு பேர் சொன்னார்கள். எப்படிப் போடுவார்? வேட்டி கட்டினால்தான் மனுஷன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சத்தியம் செய்து விற்கிற வாய். மறுநாளே அவர் குழாய் மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தால் வாங்க வந்தவன் எதிர்க்கடைக்குப் போய்விடுவான்.

வழி காட்டியது மவுண்ட் ரோட்டில் ஒரு சினிமாச் சுவரொட்டி. குதிரைமேல் ஒரு வெள்ளைக்காரன். இரண்டு காலிலும் தோல் உறை, இடுப்பு வாரில் மாட்டித் தொங்குகிறது. பின்பக்கம் ஒன்றுமில்லை. சுயம்புலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. பின்பக்கம் இல்லாவிட்டால் அது கால்சட்டை இல்லையே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே மாட்டிவிட்டால் விரதமும் கெடாது, வேட்டியும் பிழைக்கும்.

வியாழக்கிழமை திருவல்லிக்கேணிக்குப் போனார். ஜட்காக் குதிரைகளுக்குச் சேணம் தைக்கிற அப்துல் கய்யூம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இது வரைக்கும் நாலு காலுக்குத்தான் தைச்சுக்கினு கீறேன் மொதலாளி," என்றார். "ரெண்டு காலுன்னா வேலை பாதிதான்."

மாட்டுத்தோல் வேண்டாம், வீட்டில் விளக்கேற்றுகிறோம் என்று கய்யூம் வாயைத் திறக்கும் முன்பே சுயம்புலிங்கம் சொல்லிவிட்டார். செம்மறித்தோல் வந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தார், கண் சொருகியது. இரண்டு தடவை ஏறி இறங்கினால் பிய்ந்துவிடும் என்று கய்யூம் பிடுங்கி வைத்தார். வெள்ளாட்டுத்தோல் கெட்டி, ஆனால் சின்னது, நாலு இடத்தில் ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுப் போட்ட வேட்டியை நானே விற்றதில்லை என்றார் சுயம்புலிங்கம். பெரிய எருமைத்தோலை நிறுத்திவைத்தால் தானே நின்றது. அவருக்கு முன்னால் அது வீடு போய்ச் சேர்ந்துவிடும் போலிருந்தது. கடைசியில் ஆவாரம்பட்டையில் பதம் போட்ட எருமைக்கன்றுத் தோல் ஒன்று வெளியே வந்தது. நல்ல தோலெல்லாம் சண்டையில் சிப்பாய்களின் பூட்ஸாகப் போய்விட்டதால் கடையில் அது ஒன்றுதான் மிச்சம்.

சுயம்புலிங்கம் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஓரத்தில் நூல் உருவப் பார்த்தார். கஞ்சி போட்டிருக்கிறதா என்று மோந்தார். கய்யூம் தாடியைத் தடவிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

அடுத்து வடிவம். சுவரொட்டியில் இருந்ததுபோல் இரண்டு பக்கமும் சிறகு விரிய, தொங்கல் வைத்து, ஓரத்தில் மயில்கண் கரை போட வேண்டும் என்பது சுயம்புலிங்கத்தின் ஆசை. சிறகு பறந்தால் சங்கிலி வேட்டியை விட்டுவிட்டுத் தோலைத் தின்னும் என்று கய்யூம் தடுத்தார். கரை மட்டுமாவது என்று கெஞ்சியதில் இரண்டு வரித் தையல் கிடைத்தது. காலை ஒட்டின மாதிரி, வெளிப்பக்கம் மூன்று பக்கிள் வைத்து ஒரு காலுக்குக் காகிதம் வெட்டினார்கள்.

கய்யூம் காகிதத்தைத் தோலில் வைத்துக் கோடு போட்டார். பிறகு காகிதத்தைப் புரட்டி மறுகாலுக்கு வைத்தார். சுயம்புலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. நடுவில் எவ்வளவு தோல் வீணாகிறது. கய்யூம் கையிலிருந்து சாக்குக்கட்டியைப் பிடுங்கினார். காகிதத்தைப் புரட்டாமல் தலைகீழாகச் சுழற்றி முதல் காலுக்குப் பக்கத்திலேயே நெருக்கி வைத்தார். ஒரு சாண் மிச்சம்.

"தோலுக்கு மூஞ்சி ஒண்ணுதான் கீது மொதலாளி," என்று ஆரம்பித்தார் கய்யூம்.

"முப்பது வருசமாத் துணி கிழிக்கேன் பாய். எனக்கா சொல்லித் தருதீரு? வெட்டும்."

கய்யூம் வெட்டினார். வெட்டும்போது தாடிக்குள் ஒரு சிரிப்பு.

சனிக்கிழமை மாட்டிப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. இடது கால் பிரமாதம். வலது காலுக்கும் இடது காலே வந்திருந்தது. பக்கிள்கள் மூன்றும் உள்தொடைப் பக்கம் வந்து நின்றன. அவர் கடைத் துணிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், எப்படி வெட்டினாலும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். தோலுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. வேறு தோலும் இல்லை. விடிந்தால் ஞாயிறு, அய்யாதுரை துணியோடு வருவான்.

"திருப்பித் தையும்," என்றார் சுயம்புலிங்கம், வலது காலைக் கழற்றி நீட்டி.

கய்யூம் வலது காலின் பக்கிள்களைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மறுபடி தைத்தார். அளவு கச்சிதம். ஒரு கால் கண்ணாடி மாதிரி மின்னியது. மற்றது சேற்றில் புரண்டு காய்ந்த எருமை மாதிரி இருந்தது.

ஞாயிறு காலை தெருவே வாசலில் நின்றது. வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு விதமான கால்களோடு அவர் வெளியே வந்தபோது யாரோ இருமினார்கள். உதைத்தார், கிளம்பியது. லஸ் வரை போனார், திரும்பினார். சங்கிலி தோலை ஒரு தரம் நக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. வேட்டியில் ஒரு நூல் பிசகவில்லை. அய்யாதுரை கையிலிருந்த துணியை மெதுவாக மடித்தான்.

கோமளம் மாமி சும்மா இருப்பாளா? "இதென்ன, ஒரு கால் ஒருமாதிரி, இன்னொண்ணு ஒருமாதிரின்னா இருக்கு? எங்காத்துலேர்ந்து பாத்தாலே தெரியறதே."

சுயம்புலிங்கம் ஒரு நொடி வண்டியைப் பார்த்தார். புகைக்குழாய் வலது பக்கம் இருந்தது. கடவுள் இருக்கிறார்.

"சூடு அந்தப் பக்கம்லா மாமி. சொரசொரப்புத்தான் சூடு தாங்கும். வேணும்னுதான் அப்படி வெட்டச் சொன்னேன்."

அய்யாதுரை குனிந்து புகைக்குழாயைப் பார்த்தான், காலைப் பார்த்தான், தலையாட்டினான். கூட்டம் கலைந்தபின் தங்கபுஷ்பம் அருகில் வந்து வலது காலை விரலால் ஒரு தரம் தடவினாள். அவளும் வேட்டிக் கடைக்கு வாழ்க்கைப்பட்டவள்.

"ரெண்டும் இடது காலா?" என்றாள்.

"மெதுவாப் பேசேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். வண்டி தங்கியது.

அடுத்த மாதம் அய்யாதுரையும் ஏலத்தில் ஒரு வண்டி எடுத்துவிட்டான். அத்தானுக்குத் தைத்ததுபோலவே வேண்டும் என்று கய்யூமிடம் போனான், துணைக்கு அத்தானையும் இழுத்துக்கொண்டு. கய்யூம் கண்ணாடியை மாட்டிக் கண்ணைச் சுருக்கி இருவரையும் பார்த்தார். காகிதத்தைக் கையில் எடுத்தார். புரட்டுவதா, சுழற்றுவதா என்பதுபோல் சுயம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

உண்மையைச் சொன்னால் மைத்துனன் பிழைப்பான். ஆனால் அடுத்த ஞாயிறு அபிராமபுரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"அதே வெட்டு பாய்," என்றார் சுயம்புலிங்கம், அய்யாதுரையின் தோளைத் தட்டி. "ஒரு சாண் மிச்சமாகும் மாப்ளே."