பார்க்கப் பார்க்கத் தேய்ந்த சுவர்

சிமெண்ட் விலை ஏறிய அதே மாதத்தில்தான் அந்த நகரத்தில் வீட்டுச் சுவர்கள் தேய்ந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிய ஆரம்பித்தது. சுவர் எதுவும் இடிந்துவிடவில்லை. கையை நீட்டினால் கை தட்டியது, மழை பெய்தால் உள்ளே ஒழுகவில்லை. கண்ணுக்கு மட்டும் சுவர் இல்லை. முதலில் பல் வைத்தியர் வீட்டு முன்கூடம், பிறகு அதே தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரரின் படுக்கையறை, பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக நகரம் முழுக்க. சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள், அடித்த சுண்ணாம்பும் கண்ணாடியானது. திரைச்சீலை தொங்கவிட்டார்கள், அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. ஆனாலும் திரைச்சீலைக் கடைக்காரர் அந்த வருடம்தான் மாடி எடுத்துக் கட்டினார். சுவர்கள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன என்பதால் வீட்டு வரியில் தள்ளுபடி கிடையாது என்று நகராட்சி அறிவித்தது. மக்கள் என்ன செய்வார்கள், பழகிக்கொண்டார்கள். சண்டைகளைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். அடுத்த வீட்டை உற்றுப் பார்ப்பது அநாகரிகம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், எல்லோரும் பார்த்தார்கள்.

காரணத்தைத் தேடிக் கிளம்பியவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்தான். கார் ஓட்டப் பழக்கும் பள்ளிக்கு மேலே இருந்த அறையில் சனிக்கிழமைதோறும் கூடுகிறவர்கள். கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், வங்கியில் கணினி பார்க்கும் இரட்டையர், தாடி என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவன், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவில் இருந்த ஒருத்தி. குடிநீர் வாரியம், நூலகம், பேருந்து முன்பதிவு என்று பொதுஜனம் நம்பிப் பெயரும் விலாசமும் கொடுக்கிற இணையதளங்களில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, உரியவர்களிடம் சொல்லி அடைக்க வைப்பது அவர்கள் வேலை. பைசா வருமானம் கிடையாது. அவரவர் வீட்டில் இதற்கு ஓட்டைச் சங்கம் என்று பெயர். சங்கத்துக்கு இரண்டு விதிகள் இருந்தன. முதல் விதி, கண்ட ஓட்டையைத் தளத்தின் சொந்தக்காரரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். அடைக்க மூன்று மாதம் அவகாசம் தந்து, அதுவரை வீட்டில் இருப்பவர்களிடம்கூட மூச்சுவிடக் கூடாது. தாடி ஒருமுறை டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டதில் நூலகத் தளம் அன்று சாயங்காலமே சூறையாடப்பட்டு, நூலக உறுப்பினர்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் விழாமல் போனது. அந்தச் சூடு பட்ட பிறகு வந்த விதி அது. இரண்டாவது விதி, முன்பின் தெரியாதவரின் விவரத்தைத் திறந்து பார்க்கக் கூடாது. ஓட்டை இருப்பதை நிரூபிக்க வேண்டுமென்றால், அனுமதி கொடுத்தவரின் விவரத்தை மட்டும் எடுத்துக் காட்டலாம். இந்த விதியைக் கொண்டுவந்தவள் சோதனைப் பிரிவில் இருந்தவள். சங்கத்தில் அவளைச் சோதனைக்காரி என்பார்கள். அந்த விதியில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

சுவர் போன வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே மருத்துவமனையின் தளத்தில் பதிந்தவர்கள் என்பதை மோப்பம் பிடித்தவளும் அவள்தான். தளத்தைத் திறந்து பார்த்த கொஞ்ச நேரத்திலேயே ஓட்டை கையில் சிக்கியது. ஒரு நோயாளி தன் பக்கத்தைத் திறந்தால் மேலே முகவரிப் பட்டையில் கடைசியாக ஓர் எண் இருந்தது. அந்த எண்ணை மாற்றினால் இன்னொரு நோயாளியின் பக்கம் திறந்துவிடும் என்பது தளம் எழுதப்பட்ட விதத்திலேயே தெரிந்தது. பெயர், வியாதி, வீட்டு விலாசம், எல்லாம் வெட்டவெளிச்சம். நீ யார் என்று தளம் யாரையும் கேட்கவில்லை. யாரோ உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பார்க்கப் பார்க்க அந்தந்த வீட்டுச் சுவர் தேய்கிறது. அடுத்தது நிரூபிப்பது. அனுமதி கேட்க அவளுக்குத் தெரிந்து அந்த மருத்துவமனையில் பதிந்திருந்தது ஒரே ஓர் ஆள்தான்: அவளுடைய தங்கை.

தங்கை ஒளிந்து வாழ்கிறவள். தோள் எலும்பை முறித்த புருஷனிடமிருந்து, பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள். நகரத்தின் மறுகோடியில், அச்சகத்துக்குப் பின்னால், தெருவை ஒட்டிய ஒரு சின்ன வீட்டில் செருப்புக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுத்துப் பிழைத்துவந்தாள். வீட்டு விலாசம் அக்காவுக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் பெட்டி வாங்க வருகிறவருக்கும் தெரியும். குழந்தைக்கு மூச்சிரைப்பு இருந்ததால் மருத்துவமனைக்கும் தெரியும். புருஷன் பார்சல் வேன் ஓட்டுகிறவன். அவன் வண்டி நுழையாத சந்து நகரத்தில் குறைவு. உன் ஆஸ்பத்திரி எண்ணை ஒரு வேலைக்கு எடுத்துக்கட்டுமா என்று அக்கா தொலைபேசியில் கேட்டபோது, எடுத்துக்கோ, அதுல என்ன இருக்கு என்றாள் தங்கை. என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை, விதிப்படி இவளும் சொல்லவில்லை.

மருத்துவமனைக்கு மின்னஞ்சல் போனது. அலுவலக மேலாளருக்கு நம்பிக்கை வரவில்லை. கொடுத்திருந்த இணைப்பைத் தட்டினார், தங்கையின் பக்கம் திறந்தது, அட என்று சொல்லிவிட்டுக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார். கணக்குப் பிரிவில் நான்கு பேர் திறந்து பார்த்தார்கள். அங்கிருந்து தலைமை மருத்துவருக்கும், மருந்தகத்துக்கும், சட்ட ஆலோசகருக்கும் போனது. ஆளாளுக்கு ஒருமுறை தட்டி, உண்மைதான் என்று தலையாட்டி, தெரிந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். தளத்தை எழுதிக் கொடுத்த நிறுவனம் இது ஒப்பந்தத்தில் இல்லாத வேலை என்று கைகழுவியது. அதோடு விஷயம் கிணற்றில் போட்ட கல்லானது. திறந்து பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போன சோதனைக்காரி தெருவிலேயே நின்றுவிட்டாள். முன்சுவர் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி இருந்தது. உள்ளே தங்கை குனிந்து பெட்டி மடிப்பதும், குழந்தை அவள் முதுகில் சாய்ந்து படம் வரைவதும் மங்கலாகத் தெரிந்தன.  அனுமதி இல்லாத ஒருவர் பக்கத்தையும் தொடக் கூடாது என்ற சுத்தத்தில், நகரத்திலேயே மறைந்திருக்க வேண்டிய ஒரே ஆளை எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்திருக்கிறோம் என்று புரிந்தது. வீடு மாறிவிடு என்றாள். குழந்தைக்கு இப்போதுதான் பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடைத்திருக்கிறது, எதற்கு மாறணும் என்றாள் தங்கை. எல்லா இடத்திலும் சுவர் இப்படித்தான் ஆகிறது, வேறு வீட்டுக்குப் போனால் மட்டும் ஆகாதா என்றும் கேட்டாள். விதி இருந்ததால் காரணத்தைச் சொல்லாமலே அக்கா திரும்பி வந்தாள். மறுநாள் மருத்துவமனைக்கு எழுதி, தயவுசெய்து அந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினாள். எந்தப் பக்கத்தை என்று தெரிந்துகொள்ள எல்லோரும் இன்னொரு தரம் திறந்தார்கள்.

சனிக்கிழமை சங்கத்தில் எழுந்து, ஒரே ஓர் ஆளிடம் மட்டும் சொல்ல அனுமதி வேண்டும் என்றாள். யாரிடம் என்று கேட்டபோது, தங்கையிடம் என்றாள்.  விரிவுரையாளர் நல்ல மனிதர். ஒருவரிடம் சொன்னால் அவர் இன்னொருவரிடம் சொல்வார், தெரு சொல்லும், அப்புறம் பதிந்திருக்கும் அத்தனை குடும்பமும் அம்மணமாக நிற்கும், ஓட்டையோ இன்னும் அடைபடவில்லை என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. விதி அப்படியே இருக்கட்டும் என்பவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். தாடி தூக்கவில்லை. சோதனைக்காரி தூக்கினாள்.

பார்சல் வேன் அந்தத் தெருவுக்கு வந்தது ஒரு சாதாரண முற்பகலில், அச்சகத்துக்கு ஏதோ கொடுக்க. போகிற போக்கில் அவன் திரும்பிப் பார்த்தான். மறுநாளிலிருந்து எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, பார்த்துக்கொண்டே இருந்தான். தங்கை காவல் நிலையத்துக்குப் போனாள். தெருவில் நின்று பார்க்கிறது குற்றமாம்மா, ஊரே அதைத்தானே பண்ணிட்டிருக்கு என்று கேட்டு அனுப்பினார்கள். அவள் எப்போது எழுகிறாள், எப்போது குழந்தைக்குத் தலை வாருகிறாள், பெட்டிக்காரர் வந்தால் எப்படித் தாழ்ப்பாளை எடுக்கிறாள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம் ஆனது. பெட்டிக்காரர் தட்டுவது போலவே ஒரு மத்தியானம், தேயாத மரக்கதவை ஒட்டி மறைந்து நின்று தட்டினான். உள்ளே நடந்ததை அந்தத் தெரு முழுக்கப் பார்த்தது. சுவர் இருந்த காலத்தில் காதில் விழவில்லை என்று சொல்லிவிடலாம், இப்போது அதற்கும் வழியில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தார்கள். கடைசியில் உள்ளே ஓடியது நிஜப் பெட்டிக்காரர்தான். அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் குழந்தை முழுசாக இருந்தது. தங்கைக்கு இடது கண் போய்விட்டது.

அதே மருத்துவமனையில்தான் படுக்க வைத்திருந்தார்கள். அங்கேதான் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், எண்ணை, மின்னஞ்சலை, கையைத் தூக்கியதை. தங்கை கட்டுப் போடாத கண்ணால் மேலே பார்த்தபடி கேட்டாள்.

"என்னையா எடுத்துக் காட்டின?"

"அனுமதி இருந்தது உன்னோடது ஒண்ணுக்குத்தான்."

"அனுமதி கேட்ட, சரி. எதுக்குன்னு சொன்னியா?"

 தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடிதடி செய்தித்தாளில் வந்ததும் மருத்துவமனைக்கு ரோஷம் வந்தது. ஓட்டையை அடைத்தார்கள். இரண்டு வரி வேலை. தளத்தை எழுதிக் கொடுத்த நிறுவனத்துப் பையன் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. வாரக் கடைசிக்குள் பல் வைத்தியர் வீட்டிலும் தபால்காரர் வீட்டிலும் சுவர் திரும்பி வந்தது. சிலருக்குக் கொஞ்ச நாள் பொழுதே போகவில்லை. தங்கை வீட்டுச் சுவர் மட்டும் வரவில்லை. பார்க்கக் கூடாதவன் பார்த்துவிட்டான், அதற்கு அடைக்க ஓட்டை இல்லை என்றார் விரிவுரையாளர். அன்றைக்கு அவர் அழுதார்.

ஓட்டைச் சங்கம் விதிகளை மாற்றியது. ஆபத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்ல வேண்டும். அனுமதி கேட்கும்போதே எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். நிரூபிக்க நிஜ ஆளையே எடுக்கக் கூடாது, இல்லாத ஓர் ஆளைப் பொய்யாகப் பதிந்து அவரைக் காட்ட வேண்டும். இரட்டையர் அப்படி ஒரு நோயாளியை இட்டுக்கட்டிப் பதிந்த மறுவாரம், அவர்கள் எழுதிய விலாசத்தில், காலி மனையாகக் கிடந்த இடத்தில் ஒரு வீடு முளைத்தது. சுவரெல்லாம் கண்ணாடி, உள்ளே யாரும் இல்லை. திருட்டுப் புத்திக்காரர்கள் அதையே பார்த்துக் காலத்தைக் கழித்தார்கள். இந்த முறையைக் கேள்விப்பட்டு வேறு ஊர்களிலும் சங்கங்கள் கிளம்பின, குடிநீர் வாரியமும் பேருந்துக்காரர்களும் அவர்களாகவே கூப்பிட்டு அனுப்பினார்கள். நல்லது நடந்தது, மறுப்பதற்கில்லை. சோதனைக்காரி அந்தக் கூட்டங்களுக்குப் போகவில்லை.

தங்கையின் புருஷனைப் பிடித்துச் சிறையில் போட்டிருந்தார்கள், அவன் எப்படியும் வெளியே வருவான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தங்கை வீட்டின் இல்லாத சுவருக்கு முன்னால், தெருவைப் பார்த்தபடி, முதுகை வீட்டுக்குக் காட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். முதலில் விடுமுறை நாட்களில், பிறகு சம்பளமில்லா விடுப்பில், பிறகு வேலையை விட்டுவிட்டு. சனிக்கிழமைகளில் தாடியும் பக்கத்தில் வந்து நிற்பான், மற்றவர்களும் முறை வைத்து வந்தார்கள், ஆனால் அவர்களுக்குக் குடும்பம் இருந்தது. அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் மட்டும் வீடு தெரியவில்லை. அதனால் கையை விரித்தாள். விரித்த கை நீண்டது. அதைப் பற்றித் தெருவில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. முதல் மழைக்காலத்தில் அவள் முதுகு வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடம் தோளில் சுண்ணாம்புப் பூச்சு ஏறியது. கொஞ்ச காலம், போகிறவர்கள் சௌக்கியமா என்றால் உம் என்று பதில் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அவன் வெளியே வந்து, வேனை மெதுவாக ஓட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கு வந்த அன்று, அங்கே கெட்டியான ஒரு சுவர் இருந்தது. இரண்டு முறை போனான், வந்தான். அப்புறம் வரவில்லை. வரி போட வந்தவர் முன்சுவரை அளந்து, பழையபடி எழுதிக்கொண்டார்.

இவ்வளவு காலமும் தங்கை உள்ளே பெட்டி மடித்தாள், குழந்தையை வளர்த்தாள், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பெண் பெரிய வகுப்புக்குப் போனதும் வீட்டுக்கு ஒரு கடிகாரம் வாங்கினார்கள். மாட்டிக் கொடுக்க வந்த தச்சர், வெளிச்சம் நன்றாக விழுகிறதே என்று முன்சுவரில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார். தங்கை பெட்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"அந்தச் சுவர்ல வேண்டாங்க. எங்க அக்காவுக்கு வலிக்கும்."

தச்சர் சரிம்மா என்று, கடிகாரத்தை எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டுப் போனார்.