மனைவி புலம்பல்: மிஞ்சிய பிரதி

1

இந்தக் கதை ஒரு கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து எனக்குக் கிடைத்தது. நான் எதையும் பார்க்கவில்லை. குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சீலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் கதைத்தார்கள். எனக்குக் கதை எப்போதும் அப்படித்தான் வருகிறது, முகமில்லாமல், குரலாக. ஆகவே யாருடைய மூக்கு எப்படி இருந்தது என்று இடையில் கேட்கவேண்டாம்.

தொடக்கத்தைச் சில விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஏழாலையின் செம்மண் தோட்டங்களில் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்த (விட்டுவிட்டேன். மார்க்கண்டு செத்தது காலையில்.)

கணினி யுகத்தில் மனிதனின் (இதுவும் வேண்டாம். யுகத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.)

ஒரு கோப்பைப் பிரதி செய்யும்போது எங்கேயிருந்து என்பதை முதலிலும், எங்கே என்பதைப் பிறகும் சொல்லவேண்டும்.

கடைசியாக உள்ளது என்னுடைய வசனமல்ல. அச்சகக்காரன் சிவதர்ஷன் சொன்னது. ஆனாலும் இதுதான் சரியான தொடக்கம். இதிலிருந்து போகலாம்.

2

மார்க்கண்டு என் சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது வரம்பில் விழுந்தான், எழும்பவில்லை. அவன் மனைவி குணலட்சுமி, வீட்டில் குணம், எனக்கு மச்சாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்றைக்கு வந்தவர்களுக்குக் கல்வெட்டுக் கொடுக்கவேண்டும். பெயர்தான் கல்வெட்டு. உண்மையில் அது தாளில் அச்சடித்த சிறு புத்தகம். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, அதன் பிறகு உறவு முறைப்படி புலம்பல்கள்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். சனங்கள் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பிரதி கொண்டுபோய் வாசிப்பார்கள். ஊரில் வேறெந்தப் புத்தகத்தையும் இவ்வளவு பேர் கடைசிப் பக்கம் வரை வாசிப்பதில்லை. என்னுடைய புத்தகங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாழ்க்கை வரலாற்றை நான் எழுதினேன். "நீரின் அருமை உணர்ந்த விவசாயப் பெருந்தகை" என்று மார்க்கண்டுவைச் சொல்லியிருந்தேன். வாய்க்கால் நிரம்பித் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போனாலும், "எடியே, மோட்டரை நிப்பாட்டு!" என்று அடுத்த ஒழுங்கை வரை கேட்கக் கத்துவான் என்பது அதன் பொருள்.

அச்சடிப்பது மருதனார்மடம் சந்தியில் சிவதர்ஷனும் அவன் மனைவி சுபாஜினியும். கடையில் ஒரு கணினி, சுபாஜினியின் கையில் ஒரு மடிக்கணினி. இரண்டும் லினக்ஸில் ஓடுகின்றன. ஏன் என்று சிவதர்ஷனைக் கேட்டேன்.

"வைரஸ் வராது அன்ரி."

"வேறை என்ன வராது?"

"கேள்வி வராது. மற்றதுகள் நிச்சயமோ, நிச்சயமோ எண்டு கேட்டுக் கரைச்சல் குடுக்கும். இது சொன்னதைச் செய்யும்."

புலம்பல்கள் எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. "கைப்பிடித்த நாள்முதலாய்க் கண்போலக் காத்தவரே" என்று தொடங்கும் மனைவி புலம்பலை ஒவ்வொரு சாவுக்கும் பிரதி செய்து, நடுவில் வரும் பெயரை மட்டும் மாற்றுவார்கள். யார் எழுதியது என்று தெரியவில்லை. யாருக்காக எழுதியது என்றும் தெரியவில்லை.*

* இந்த இடத்தில் அசல், பிரதி என்று ஒரு நீண்ட பத்தி எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். எடுத்துவிட்டேன்.

3

குணம் என்னிடம் சொன்னது இது. நேரே சொன்னது, சீலை இல்லாமல்.

"மச்சாள், வரலாறு நீங்கள் எழுதினது காணும், போதும். புலம்பலிலை கை வைக்காதையுங்கோ."

"ஏன் குணம்? வடிவாய் எழுதித் தாறனே."

"அதுதான் வேண்டாம் எண்டிறன். வடிவாய் எழுதிப்போடுவியள்."

"அப்ப கடையிலை இருக்கிறதைப் போடச் சொல்லும்."

"அதுவும் வேண்டாம். என்ரை அக்கா தன்ரை மனுசன்ரை கல்வெட்டிலை சீவரத்தினமே, சீவரத்தினமே எண்டு அழுதிருக்கிறா. அந்தச் சீவரத்தினம் ஆரெண்டு இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அத்தான் இருந்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பார்."

ஆகவே கடை பூட்டிய பிறகு, இரவில், சுபாஜினி மடிக்கணினியோடு வந்தாள். அந்தியேட்டிக்கு முன் குணம் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. அறையில் இருவரும் இருந்தார்கள். குசினியில் நானும் வெங்காயமும்.

"சீவரத்தினம் எங்கடை கடையிலை நடந்ததில்லை அம்மா," என்றாள் சுபாஜினி. "அது வேறை அச்சகம்."

"ஆரின்ரை கடையெண்டாலும் அழுதது என்ரை அக்கா. நான் வாயாலை சொல்லுறன். நீர் அடியும்."

"பாட்டாய்ச் சொல்லுவியளோ, வசனமாயோ?"

"நான் அவரோடை பாட்டிலை கதைச்சதில்லைப் பிள்ளை."

பிறகு சொன்னாள். விசைகள் தட்டுப்படும் சத்தம் அவள் குரலுக்குப் பின்னாலேயே வந்தது. அவள் நிறுத்தியபோது அதுவும் நின்றது. ஒரு தரம் வெகுநேரம் நின்றது.

(இங்கே அவள் சொன்னதை எழுதவேண்டும். இப்போது எழுதவில்லை. காரணம் இருக்கிறது.)

"முடிஞ்சுது," என்றாள் குணம். "தேத்தண்ணி குடிப்பீரோ?"

4

இனி அழிந்த கதை.

சிவதர்ஷனின் ஒழுங்கு இப்படி. காலையில் கடை திறந்ததும், மடிக்கணினியில் புதிதாக உள்ளதெல்லாம் கடைக் கணினிக்குப் போகும். மாலையில் கடை பூட்டுமுன், கடைக் கணினியில் உள்ளது மடிக்கணினிக்குத் திரும்பும். ஒரே ஒரு வரிக் கட்டளைதான், எங்கேயிருந்து, எங்கே. ஒன்றுக்கு ஏதும் நடந்தால் மற்றது இருக்கும் என்பது ஏற்பாடு. கட்டளையில் இன்னொரு சொல்லையும் சேர்த்து வைத்திருந்தான். போகிற இடத்தில் ஏதாவது மிச்சமாக இருந்தால், அதாவது வருகிற இடத்தில் இல்லாதது எதுவும் இருந்தால், அதை அழித்துவிடு.

"ஏன் அந்தச் சொல்லு?" என்று கேட்டேன்.

"இல்லாட்டிக் குப்பை சேரும் அன்ரி. அழிச்ச நோட்டீசெல்லாம் திரும்ப எழும்பி வரும்."

சுபாஜினி குணத்தின் புலம்பலை அடித்த மறுநாள், இணுவிலில் ஒரு சாவு. கல்வெட்டு அடிக்கிறவன் செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்கமுடியாது. போனால் முழுகாமல் கடை திறக்கவும் முடியாது. சிவதர்ஷன் சுடலை வரை போய், வீட்டுக்கு வந்து தலை முழுகி, கடை திறக்க மத்தியானம் கடந்துவிட்டது. காலைப் பிரதியை மறந்துபோனான். மாலைப் பிரதியை மறக்கவில்லை.

குணத்தின் புலம்பல் கடைக் கணினிக்கு வந்திருக்கவில்லை. ஆகவே மடிக்கணினியில் இருந்தது மிச்சம். கணினி மிச்சத்தை அழித்தது. கேட்கவில்லை. பிழை என்று திரையில் எதுவும் வரவில்லை, ஏனென்றால் பிழை எதுவும் நடக்கவில்லை. இரண்டு கணினிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன.

"ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பாக்கிற வசதியும் இருக்கு அன்ரி," என்றான் சிவதர்ஷன். "என்ன செய்யப்போகுது எண்டு மட்டும் காட்டும். ஒண்டையும் தொடாது."

"விட்டுப் பாத்தனீரோ?"

"இல்லை."

சுன்னாகத்தில் அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் ஒரு நாள் வைத்திருந்து ஒன்றை மீட்டுக் கொடுத்தார். நாலு வருசத்துக்கு முந்தி ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு அழைப்பிதழ். படத்தோடு, ஒரு புள்ளி குறையாமல் வந்திருந்தது.

5

சுபாஜினி குணத்தின் வீட்டுக்கு வந்து சொன்னாள். சிவதர்ஷன் வரவில்லை. மறுநாள் காலை அச்சுக்குப் போகவேண்டும். நான் அன்றைக்கும் குசினியில். அந்தியேட்டிச் சமையலுக்கு வெங்காயம் முடிகிற காரியமல்ல.

"இவர் காலமை பிரதி எடுக்க மறந்திட்டார் அம்மா. அழிஞ்சு போச்சுது."

"எல்லாமோ?"

"மற்றதெல்லாம் இருக்கு. அன்ரி எழுதின வரலாறு இருக்கு. மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் இருக்கு. உங்கடைதான் இல்லை."

"ம்."

"திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோவன். உடனை அடிக்கிறன்."

"ஏலாது பிள்ளை. அண்டைக்கு அது தானாய் வந்தது. இண்டைக்குச் சொன்னால், அண்டைக்கு என்ன சொன்னன் எண்டு யோசிச்சுச் சொல்லவேணும். அது கடைப் புலம்பல் மாதிரித்தானே." சற்றுப் பொறுத்து, "சீவரத்தினத்தின்ரையைப் போடும். பேரை மட்டும் கவனமாய் மாத்தும்," என்றாள்.

இந்த இடத்தில் கதையில் ஒரு புதுப் பாத்திரம் பேசுகிறது. அதைச் சேர்ப்பதா என்று இரண்டு தரம் யோசித்தேன். கதாசிரியர் கதைக்குள் புகுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் நடந்தது அதுதான்.

"குணம், நான் கேட்டனான்," என்றேன், சீலையின் இந்தப் பக்கமிருந்து.

"முழுக்கவோ மச்சாள்?"

"ஓம்."

"திருத்தினீங்களோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப சொல்லுங்கோ. அவள் அடிக்கட்டும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

கேட்டதை அப்படியே சொல்வது எனக்குப் பழக்கமான வேலையல்ல. சொன்னேன். இப்போது எழுதுகிறேன், நான் சொன்னபடி:

இஞ்சருங்கோ. மிளகாய்க் கண்டு எல்லாம் நிக்குது. நீங்கள் நாளைக்கு அடைக்கிறன் எண்ட வேலிப் பொட்டு அப்பிடியே கிடக்குது. நான் அடைக்கேல்லை, ஆரையும் அடைக்க விடவும் இல்லை. உங்கடை செருப்பு வரம்பிலை கிடந்தது, எடுத்து வைச்சிருக்கிறன். அண்டைக்குத் தண்ணி வெளியிலை போகேல்லை. (முதல்லை மோட்டரைத்தான் நிப்பாட்டினன். பிறகுதான் உங்களிட்டை வந்தன்.)

விசைகள் நின்றன.

"அது நான் சொல்லேல்லை," என்றாள் குணம்.

"எது?"

"கடைசி. மோட்டர். அது நான் சொல்லேல்லை."

"சொன்னனீர் குணம்."

"இல்லை மச்சாள்."

சுபாஜினியைக் கேட்டோம். அடித்தவள் அவள்.

"எனக்கு ஞாபகமில்லை அம்மா. அடிக்கேக்கை நான் கருத்தைப் பாக்கிறேல்லை, எழுத்தைத்தான் பாக்கிறனான். செத்த ஆக்களின்ரை வரலாறெல்லாம் கருத்தோடை அடிச்சால் நான் எப்பவோ விசராகியிருப்பன்."

இரண்டு பிரதி இருந்தால் ஒப்பிடலாம். இருந்தது ஒன்று. அதுவும் என்னிடம்.

"அப்ப அது நீங்கள் போட்டதுதான்," என்றாள் குணம். "நீங்கள் கதை எழுதுற ஆள்."

6

வெள்ளோட்டம் விடுகிறேன். ஒன்றையும் தொடாது.

முதல் ஓட்டம். நான் விடாப்பிடியாக நிற்கிறேன். "நீர் சொன்னனீர், என்ரை ரெண்டு காதாலையும் கேட்டனான்." வரி அச்சாகிறது. சனங்கள் சாப்பிட்டுவிட்டுப் பிரதியைக் கொண்டுபோய் வாசிக்கிறார்கள். புருசன் விழுந்து கிடக்க, முதலில் மோட்டரை நிறுத்திய பெண் என்று குணத்தைச் சொல்கிறார்கள். அந்த வீட்டில் மார்க்கண்டுவின் அந்தக் குரலுக்கு யார் என்றாலும் முதலில் மோட்டரைத்தான் நிறுத்தியிருப்பார்கள் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. அவன் கத்தாத அன்றைக்கும் அவளுக்கு அது கேட்டிருக்கும் என்பதையும். (இந்த இரண்டு வசனங்களும் வடிவாக இருக்கின்றன. எடுக்கவேண்டும்.)

இரண்டாவது ஓட்டம். நான் வாயை மூடிக்கொள்கிறேன். வரி போய்விடுகிறது. புலம்பல், தண்ணீர் வெளியே போகவில்லை என்பதோடு முடிகிறது. எல்லாரும் தலையாட்டுகிறார்கள், விவசாயக் குடும்பம், நீரின் அருமை உணர்ந்தவர்கள். குணம் ஒரு தரம் வாய்விட்டுச் சொன்ன ஒன்று, சொல்லப்படாததாகிறது. அதை அவள் மறுபடி ஒருவரிடமும் சொல்லப்போவதில்லை.

மூன்றாவது வெள்ளோட்டமல்ல. நான் வாயால் சொன்னது.

"ஓம் குணம். அது என்ரை வரிதான். நான் போட்டது."

உண்மையோ என்று நீங்கள் கேட்பீர்கள். குணம் கேட்கவில்லை. அவள் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நடுவில் நின்றதே, அவ்வளவு நேரம்.

பிறகு சொன்னாள்:

"வடிவாய்த்தான் இருக்கு."

இதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. வடிவு வேண்டாம் என்று சொன்னவள் அவள். சுபாஜினிக்கும் தெரியவில்லை.

"அப்ப, வைக்கிறதோ அம்மா, எடுக்கிறதோ?"

குணம் பதில் சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். தலையைத்தான் ஆட்டியிருக்கவேண்டும், மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ. சீலையை விலக்கியிருந்தால் பார்த்திருக்கலாம். என் கையில் வெங்காயம்.

"நிச்சயமோ?" என்று கேட்டாள் சுபாஜினி.

அதற்கும் தலைதான்.

நாளைக் காலை அச்சு. அதற்கு முன் இதை எழுதி முடிக்கிறேன். கல்வெட்டைப் பார்த்துவிட்டு எழுதினால், அங்கேயிருந்து இங்கே பிரதி செய்ததாகிவிடும். திசை முக்கியம் என்று சிவதர்ஷன் சொல்லியிருக்கிறான். மோட்டர் வரியை மேலே அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன். குறிகளை மட்டும் நீக்குவதோ, உள்ளே இருப்பதோடு சேர்த்து நீக்குவதோ உங்கள் பொறுப்பு. எதைச் செய்தாலும் குணம் வாசிப்பாள்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். சீலைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு விசை தட்டுப்பட்டது. வைக்கிற விசைக்கும் எடுக்கிற விசைக்கும் சத்தம் ஒன்றுதான்.