கவிழ்க்காத மூங்கில்

கொசு ஒழிப்பு வேலை பார்க்கும் கொசுக்கார அக்கா தெருமுனையில் திரும்பினாலே வீட்டுக்கு வீடு வாளிகள் கவிழும். தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள் என்று பதினோரு வருடம் தொண்டை கிழியக் கத்திய பலன். அது செவ்வாய்க்கிழமை அவள் தலையிலேயே வந்து விடிந்தது. மேசையில் அவள் வளர்த்துவந்த கொசுப்புழு ஜாடியைக் கணவர் கொட்டிவிட்டார்.

"வலை கட்டி வச்சிருந்தேனே, கண்ணு தெரியலையா?"

"தண்ணி நின்னுச்சு, கொட்டினேன். நீதானே சொன்ன!"

மனுஷனைத் திட்டவும் வழியில்லை.

காட்டைச் சாலையால் கூறு போட்டு வீடு கட்டினால், மரப்பொந்தில் முட்டையிட்ட காட்டுக் கொசு எங்கே போகும்? தெருவுக்குத்தான் வரும். அலுவலக வரைபடத்துக்கு மட்டும் இது புரியவில்லை. அதில் காட்டுக் கொசு பரப்பும் காய்ச்சலின் எல்லை சாலைக்கு அந்தப் பக்கம், காட்டோடு நின்றது, தடுப்பூசியும் அங்கேயே நின்றது. இந்தப் பக்கம் மூன்று பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், அதில் ஒருத்தி அவளுடைய கூடப்பிறந்த அக்காவின் மகள். எல்லையை நகர்த்த, வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பக்கத்துப் புழுவைக் கொசுவாக்கி அதிகாரியிடம் காட்ட வேண்டும்.

மறுபடி தெருத்தெருவாகத் தேடினாள். தேங்கிய தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக வளர்த்துவிட்டிருந்தாள் ஊரை! சலித்துப்போய், துணி எடுக்க மொட்டைமாடி ஏறினாள். கொடி கட்டிய மூங்கிலின் வெட்டுவாயில் தண்ணீர். உள்ளே ஐந்து கூட்டுப்புழுக்கள் துள்ளின. சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது.

அவற்றிலிருந்து வெளிவந்த கொசுக்களை வெள்ளிக்கிழமை அதிகாரி லென்ஸில் பார்த்தார். காட்டுக் கொசுவேதான்.

"எங்க எடுத்தீங்க?"

"எங்க வீட்டு மாடியில சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "புழு இருந்த வீட்டுக் கதவுல சிவப்புத் தாள் ஒட்டணும். உங்க வீட்டுலயேவா? காலி மனைன்னு எழுதிடுங்களேன்."

"காலி மனைக்கு ஊசி போடுவீங்களா சார்?"

தன் கதவு எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

சாயங்காலம் கணவர் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதையும் கொட்டிடாதீங்க" என்றபடி தாளை ஒட்டினாள்.

எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்தாள். அவள் கதவில் இரண்டு முறை சிவப்புத் தாள் ஒட்டி, அரைமணி நேரம் பாடமும் நடத்தியவள் இவள். அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நல்லா சிரிங்கம்மா" என்றாள் இவள், தாளின் ஓரத்தை அழுத்தித் தேய்த்தபடி. "திங்கக்கிழமை பத்து மணிக்கு நம்ம தெருவுக்கு ஊசி. வீட்டுல ஒருத்தர் விடாம கூட்டிட்டு வாங்க."