பின் நழுவினால் வருபவர்

பரிசல் கவிழ்ந்து காவிரியோடு போன புளி வியாபாரி அப்துல் சுபான், அதற்கு மூன்றாம் வருஷம், 1985இல், தருமபுரி வட்டாரத்துக் கல்யாண வீடியோக்களில் முன்வரிசையில் உட்கார ஆரம்பித்தார். பந்தலில் அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும். கேசட்டைப் போட்டுப் பார்த்தால் மனிதர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையைவிடச் சாவகாசமாக இருப்பார். அவருடைய உடம்பு கிடைக்கவே இல்லை. ஆகவே அவர் இறந்துவிட்டார் என்பதை மனைவி வஹிதா ஒத்துக்கொள்ளவும் இல்லை. வீடியோ எடுத்தவர் அவளுடைய அண்ணன் மஸ்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர், பெங்களூரிலிருந்து பழைய கேமராவும் ரெக்கார்டரும் வாங்கிவந்து, கல்யாணங்களைக் கலரில் காட்டுகிறேன் என்று கிளம்பியிருந்தார்.

கோளாறு பின்னில் இருந்தது. கேமராவிலிருந்து வரும் வயர், ரெக்கார்டரில் செருகும் பின்னுக்குள் பாதி அறுந்து தொங்கியது. பின் அழுந்தி உட்கார்ந்திருக்கும்வரை பட்டுச்சேலை சிவப்பாகத் தெரியும், சுபான் இருக்கமாட்டார். கொஞ்சம் நழுவினால் கலர் போய்விடும், படம் கறுப்பு வெள்ளையாக ஆடும், சுபான் வந்து உட்கார்ந்துவிடுவார். காரிமங்கலத்து விவசாயி அர்ச்சுனன் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கடையில் சத்தம் போட்டார்.

"ஏங்க, எங்க வூட்டுக் கண்ணாலத்துல பொண்ணு சேலை சாம்பலாட்டம் தெரியுது. முன்னால யாருங்க இந்தப் பாயி? நாங்க பத்திரிகையே வெக்கலியே!"

மஸ்தான் பின்மேல் பழியைப் போட்டார். அந்தப் பாய் யாரென்று தெரிந்ததால் கேசட்டைத் தங்கச்சியிடம் கொடுத்தார்.

அந்தக் கேசட்டை வஹிதா வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள். சுபானின் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒகேனக்கல்லுக்குக் கிளம்பிய காலையில் அதைத் தைத்துக் கொடு என்று கேட்டிருந்தார். சோறு வடிக்கணும், வந்து பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டாள் இவள். அதை நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தவளுக்கு, அவரை அப்படியே பார்த்ததில் அழுகையும் வந்தது, ஆறுதலும் வந்தது. அதன்பிறகு ஒரு கல்யாணம் விடாமல் அண்ணனோடு போனாள். முஸ்லிம் கல்யாணங்களில் கேமரா பெண்கள் பக்கம் போகாது. திரைச்சீலைக்கு அந்தப்புறம் இருப்பவர்களும் நிக்காஹைப் பார்க்கட்டும் என்று மஸ்தான் ரெக்கார்டரிலிருந்து நீளமாக வயர் இழுத்து, அவர்கள் நடுவில் ஒரு டிவியை வைப்பார். அதன் பக்கத்தில் உட்காருவது வஹிதாவின் வேலை. எல்லாப் பெண்களும் கலர் வரட்டும் என்று காத்திருக்க, இவள் ஒருத்தி மட்டும் கலர் போகட்டும் என்று துஆ கேட்டாள்.

பென்னாகரத்து ஜவுளிக்கடை அப்துல் கனி, மகள் குல்ஷனின் கல்யாணத்துக்கு ஒரே நிபந்தனை போட்டார்: சிவப்பு சிவப்பாகத் தெரியவேண்டும். பின்னுக்குள் அறுந்த வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தே தீரவேண்டும் என்றாகிவிட்டது. பற்றவைத்தால் சுபான் இனி வரமாட்டார். வஹிதா, இரண்டாம் தடவையாக அவரை ஆற்றில் விடப்போகிறோம் என்று தவித்தாள்.

"அண்ணா, கடையில வெச்சுப் பத்த வெக்காதீங்க. அவரு வந்து உக்காந்த பொறவு வெய்யிங்க."

"மிஷின் ஓடறப்ப யாராச்சும் சூடு வெப்பாங்களாம்மா? மொத்தமும் பொகைஞ்சு போயிடும்."

"போனாப் போவுது. போன தடவைதான் சொல்லிக்காமப் போயிட்டாரு. இந்தத் தடவை மூஞ்சியப் பார்த்துக்கறேன்."

எந்த மெக்கானிக்கும் செய்யத் துணியாத காரியம். தங்கச்சி முகத்துக்காக மஸ்தான் செய்தார். நிக்காஹ் ஓதும்போது பின்னை லேசாக நழுவவிட்டார். சுபான் வந்து உட்கார்ந்தார். மஸ்தான் பின்னின் மூடியைத் தள்ளிவிட்டு, காய்ந்த சால்டரிங் ராடை வயரில் வைத்தார். பெண்கள் பக்கத்து டிவியில் சுபான் நிமிர்ந்து வஹிதாவை நேராகப் பார்த்தார். எழுந்தார். நடந்து படத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டார். ஈயம் ஆறியதும் மாப்பிள்ளையின் ரோஜா மாலை பளீரென்று தெரிந்தது. நாற்காலி காலி. வஹிதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அவளை அழுது முடிக்கவிடாமல் மற்ற பெண்கள் அலறினார்கள். திரைச்சீலைக்கு இந்தப்புறம், பெண்கள் பக்கத்தில், ஓர் ஆம்பளை நின்றதுதான் அவர்களுக்குக் கோபம். அந்த ஆம்பளை தலையிலிருந்து கால்வரை கறுப்பு வெள்ளையாக இருந்ததைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பேசினார்கள்.

"உங்கண்ணன் வெச்ச சூட்டுல உக்கார முடியல, வஹிதா. அதான் எந்திரிச்சு வந்துட்டேன்" என்றார் சுபான்.

நிறம் திரும்பவே இல்லை. டாக்டர் நாடி பார்த்து உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். புளி வியாபாரத்துக்குக் கலர் தேவையும் இல்லை. வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்த பிறகும் சுபான் கறுப்பு வெள்ளையாகவே சந்தைக்குப் போய்வந்தார். அவர்களுக்குப் பிறந்த பெண் கலராகத்தான் பிறந்தாள். யாராவது இழுத்து இழுத்து விசாரித்தால், "ஆளு வந்துட்டாருல்ல" என்று முடித்துவிடுவாள் வஹிதா.

அன்றைக்குப் பென்னாகரத்தில் சுபானுக்குப் பிரியாணித் தட்டு வந்தபோது, அது ஆறட்டும் என்று நகர்த்தி வைத்தாள். குல்ஷனின் தாயாரிடம் ஊசி வாங்கி, அவரை நிற்கவைத்தே பொத்தானைத் தைத்தாள். கல்யாண வீட்டில் கைக்குக் கிடைத்தது சிவப்பு நூல்தான். அது மட்டும் அவர்மேல் சிவப்பாகவே இருந்தது.